சீசனா, சாரலா? கலப்பு மொழியை எதைக் கொண்டு அளப்பது?

ஜூன் மாதத்தில் மேற்கு மலை கறுத்து, பேரருவியில் தண்ணீர் விழத் தொடங்கியதும் தென்காசிக்காரர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி, ‘சீசன் எப்படி இருக்கு?’ என்பதுதான். அரசு நடத்தும் விழாவுக்குச் ‘சாரல் திருவிழா’ என்று பெயர். பதாகையில் சாரல், பேச்சில் சீசன். ஆனால், சாரல் என்ற சொல்லை எங்கள் ஊர் மறந்துவிட்டது என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். மெல்லிய தூறல் முகத்தில் படும்போது ‘சாரல் அடிக்குது’ என்றுதான் சொல்கிறோம். வானத்தில் நடப்பது சாரல். கடைவீதியில் நடப்பது சீசன். சீசன் கடை, சீசன் வாடகை, சீசன் டல். ஒரு தமிழ்ச் சொல்லும் ஓர் ஆங்கிலச் சொல்லும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டு ஒரே ஊரில் சண்டையில்லாமல் வாழ்கின்றன.

பணி ஓய்வுக்குப் பிறகு மாலை நேரங்களில் தென்காசிப் பேருந்து நிலையத்திலும் ஐந்தருவிச் சாலையிலும் காது கொடுத்து நிற்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பொருளியல் படித்தவனுக்கு எதைக் கண்டாலும் எண்ணிப் பார்க்கத் தோன்றும். விலையை எண்ணுகிறோம், விளைச்சலை எண்ணுகிறோம். மக்கள் பேசும் கலப்பு மொழியை எண்ண முடியுமா? முடியும் என்று சொல்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். எண்ணிப் பெறும் எண் எதைச் சொல்கிறது என்ற கேள்வியைத்தான் அவ்வளவாக யாரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்விக்கு இப்போது ஒரு காரணமும் இருக்கிறது. 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 2027 மார்ச் 1ஆம் தேதியை அடிப்படையாகக் கொண்டு நடக்கும் என்று 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. சாதியைக் கணக்கெடுப்பது பற்றி நாடு முழுவதும் விவாதம் நடக்கிறது. மொழிக் கணக்கு பற்றி அந்த அளவுக்குப் பேச்சில்லை. 2011 படிவத்தில் மொழிக்கு இரண்டு கேள்விகள் இருந்தன. ஒன்று, தாய்மொழி. மற்றொன்று, அதைத் தவிரத் தெரிந்த மொழிகள். அதுவும் இரண்டு வரைதான். மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. அவற்றைச் சலித்து, சேர்த்து, வகைப்படுத்தி 1,369 தாய்மொழிகளாகவும் இறுதியில் 121 மொழிகளாகவும் சுருக்கினார்கள். தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 6.9 கோடி, கன்னடம் சுமார் 4.37 கோடி. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் இரண்டரை லட்சத்தைச் சற்றே தாண்டினார்கள். ஆனால், இரண்டாம் அல்லது மூன்றாம் மொழியாக அது தெரியும் என்று சொன்னவர்கள் ஏறத்தாழ 13 கோடி.

இந்த 13 கோடியில் யாருக்கு எவ்வளவு தெரியும்? கணக்கெடுப்பில் ‘தெரியும்’ என்பது அவரவர் வாய்மொழி. கடிதம் எழுதக் கூடியவரும், ‘ரீசார்ஜ் பண்ணுங்க’ என்று சொல்லக் கூடியவரும் தமக்கு ஆங்கிலம் தெரியும் என்று சொன்னால், இருவரும் அந்தப் பட்டியலில் ஒரே இடத்தில்தான் நிற்பார்கள்.

அரசுகள் மொழியை அளக்கும் இன்னோர் இடம் பெயர்ப் பலகை. பலகையில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும் என்று கர்நாடகம் 2024இல் தன் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவற்றின் எழுத்துகள் 5:3:2 என்ற விகிதத்தில் அமைய வேண்டும் என்பது விதி. பலகையை அளவு நாடாவால் அளந்துவிடலாம். 2006இல் தமிழில் பெயர் வைத்த திரைப்படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு அளிக்கப்பட்டபோதும் இதே எளிமைதான் வசதியாக இருந்தது. பெயர்கள் தமிழுக்கு மாறின; படத்துக்குள் பேசப்பட்ட வசனம் முன்பு போலவே இருந்தது. எதற்குச் சலுகையோ அது மட்டும் மாறும் என்பது பொருளியல் மாணவருக்கு முதலாண்டிலேயே தெரிந்துவிடும் செய்தி. பலகை விதிகளை நான் எதிர்க்கவில்லை. ஒரு தெருவுக்குள் நுழையும்போது அந்த மண்ணின் எழுத்து கண்ணில் பட வேண்டும். ஆனால், பலகையை அளந்துவிட்டு மொழியை அளந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம்.

பேச்சை அளக்க முயன்றவர்களும் இருக்கிறார்கள். அமிதவா தாஸ், பியோர்ன் காம்பேக் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2014இல் ‘கலப்புக் குறியீடு’ என்ற ஒன்றை முன்வைத்தனர். இந்திய மொழிகளின் கலப்பைக் கணினி வழி ஆராய்பவர்கள், கன்னடம்-ஆங்கிலம் ஆனாலும் தமிழ்-ஆங்கிலம் ஆனாலும், இன்றும் இதைப் பயன்படுத்துகிறார்கள். கணக்கு எளிது. ஒரு வாக்கியத்தில் உள்ள சொற்களை எண்ணுங்கள். ஊர்ப் பெயர், ஆள் பெயர் போன்று எந்த மொழிக்கும் சொந்தமாகச் சொல்ல முடியாதவற்றைத் தள்ளுங்கள். எஞ்சியவற்றில் எந்த மொழிச் சொற்கள் அதிகமோ அவற்றை நீக்கினால், மீதி எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். அதுதான் கலப்பின் அளவு. முழுத் தமிழ் வாக்கியத்துக்குச் சுழியம். பாதிக்குப் பாதி என்றால் 50.

தென்காசிப் பேருந்து நிலையத்தில் ஒரு தேநீர்க் கடைக்காரர் என்னிடம் சொன்ன வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: ‘சார், பார்டர் பஸ் லேட்டு, ஷேர் ஆட்டோ பிடிச்சா ட்வென்ட்டி மினிட்ஸ்ல போயிரலாம்.’ மொத்தம் 10 சொற்கள்.

முதல் சிக்கல் ‘பார்டர்’. இது செங்கோட்டைக்குக் கிழக்கே உள்ள பிரானூரைக் குறிக்கிறது. செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்த காலத்தில் எல்லை அங்கேதான் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லை மேற்கே புளியரைக்கு அப்பால் நகர்ந்துவிட்டது. ஆனால், ‘பார்டர்’ என்ற சொல் பிரானூரிலேயே தங்கிவிட்டது. பரோட்டா சாப்பிடப் போகிறவர்கள் இன்றும் ‘பார்டருக்குப் போறோம்’ என்றுதான் சொல்கிறார்கள். எல்லையே இல்லாத இடத்தில் எல்லை என்ற ஆங்கிலச் சொல் தமிழ் ஊர்ப் பெயராகிவிட்டது. எனவே, ஊர்ப் பெயர் என்று அதைத் தள்ளிவிடுவோம். எஞ்சியவை 9.

இப்போது அகராதி பார்ப்பவர் ஒருவரிடம் கொடுங்கள். சார், பஸ், லேட்டு, ஷேர், ஆட்டோ, ட்வென்ட்டி, மினிட்ஸ் ஆகிய ஏழும் ஆங்கிலம் என்பார். பிடிச்சா, போயிரலாம் ஆகிய இரண்டும் தமிழ். 9இல் 7 ஆங்கிலம். கலப்புக் குறியீடு 22. அதைவிட வேடிக்கை, இந்த வாக்கியத்தின் முதன்மை மொழி ஆங்கிலம் என்று ஆகிறது.

இதையே ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுங்கள். சார், பஸ், லேட்டு, ஷேர், ஆட்டோ எல்லாம் பள்ளிக்கூடமே போகாதவரும் சொல்வது. அவை எப்போதோ தமிழாகிவிட்டன என்பார். அப்படியானால் தமிழ் 7, ஆங்கிலம் 2. கலப்புக் குறியீடு அதே 22. ஆனால், முதன்மை மொழி இப்போது தமிழ். மூன்றாமவர் வந்து, ‘சார், பஸ், ஆட்டோ சரி, லேட்டும் ஷேரும் ஆங்கிலம்தான்’ என்றால் தமிழ் 5, ஆங்கிலம் 4, குறியீடு 44. வாக்கியம் ஒன்று, பேசியவர் ஒருவர். எந்தச் சொல்லைக் கடனாகக் கொள்வது, எதைக் குடியுரிமை பெற்றதாகக் கொள்வது என்ற முடிவை எண்ணுபவர் முன்கூட்டியே எடுத்துவிடுகிறார். அந்த முடிவு அட்டவணையில் தெரிவதில்லை.

இதோடு இன்னொரு வாக்கியத்தை வைத்துப் பாருங்கள். விடுமுறைக்குக் குற்றாலம் வந்திருந்த மென்பொருள் பணியாளர் ஒருவர் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தது: ‘அவர் சொன்னார், வீ ஷுட் வெயிட் டில் தி நெக்ஸ்ட் மீட்டிங்.’ இதிலும் 9 சொற்கள். ஆங்கிலம் 7, தமிழ் 2. குறியீடு 22.

தேநீர்க் கடைக்காரரும் மென்பொருள் பணியாளரும் குறியீட்டின்படி ஒரே அளவு கலப்பவர்கள். ஆனால், இருவரும் செய்தது ஒரே செயலா? கடைக்காரரின் வாக்கியத்தைத் தாங்கி நிற்பது தமிழ் இலக்கணம். ‘மினிட்ஸ்ல’ என்பதில் உள்ள ‘ல’, ‘பிடிச்சா’ என்பதில் உள்ள நிபந்தனை, கடைசியில் வந்து முடிக்கும் வினை, சொற்களின் வரிசை எல்லாம் தமிழ். லண்டன்காரர் ஒருவருக்கு அந்த ஏழு சொற்களும் தெரிந்திருக்கலாம். என்ன சொல்லப்பட்டது என்பது விளங்காது. பணியாளரின் வாக்கியத்திலோ பாதியில் இலக்கணமே மாறிவிடுகிறது. ‘ஷுட்’, ‘டில்’, ‘தி’ என்ற சிறு சொற்களைக் கவனியுங்கள். பெயர்ச் சொற்களைக் காது கேட்டு எடுத்துக்கொள்ளலாம். இந்தச் சிறு சொற்களை அவற்றுக்குரிய இடத்தில் வைக்க வேண்டுமானால் அந்த மொழிக்குள் சிறிது காலம் வாழ்ந்திருக்க வேண்டும். முதலாவதைச் சொற்கலப்பு என்றும் இரண்டாவதை மொழித் தாவல் என்றும் நான் பிரித்து அழைக்கிறேன். மொழியியலாளர்கள் இதை வேறு பெயர்களில் நெடுங்காலமாகப் பேசிவருகிறார்கள். கரோல் மையர்ஸ்-ஸ்காட்டன் 1993இல், கலப்பு வாக்கியத்தின் சட்டகத்தை எந்த மொழி தருகிறது என்று பார்க்கச் சொன்னார். கன்னடத்தில் நடக்கும் கலப்பு என்னென்ன பணிகளைச் செய்கிறது என்று எஸ்.என்.ஸ்ரீதர் 1978லேயே எழுதினார். பெங்களூரு பேருந்தில் கேட்கும் ‘சொல்ப அட்ஜஸ்ட் மாடி’யும் நம்மூர் ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க’வும் ஒரே அச்சில் வார்த்தவை. ஆங்கில வினையை வாங்கி, ‘மாடு’ என்றோ ‘பண்ணு’ என்றோ ஒரு கைப்பிடி மாட்டிவிட்டால் அது நம் வீட்டுப் பாத்திரமாகிவிடுகிறது. ஆங்கிலம் தெரியாதவரும் அதில் சமைக்கலாம்.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய குப்வாட் என்ற கிராமத்தை ஜான் கம்பர்ஸ் என்ற அமெரிக்க மொழியியலாளர் ஆராய்ந்தார். (நம் கம்பருக்கும் இவருக்கும் உறவில்லை என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள்.) கன்னடம், மராத்தி, உருது பேசும் குடும்பங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகப் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்கின்றன. 1971இல் அவரும் ராபர்ட் வில்சனும் வெளியிட்ட கட்டுரையின் சாரம்: சொற்கள் தனித்தனியாகவே இருக்க, மூன்று மொழிகளின் இலக்கணமும் ஒன்றை ஒன்று நெருங்கி ஏறத்தாழ ஒரே அமைப்பாகிவிட்டன. சொல்லை எண்ணும் குறியீட்டை அங்கே கொண்டுபோனால் கலப்பே இல்லை என்று சொல்லிவிடும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, பண்டிதர்களின் பொழுதுபோக்குதானே என்று கேட்கலாம். நானும் அப்படி எண்ணியவன்தான். என் வகுப்பில் படித்த ஒரு மாணவிதான் அந்த எண்ணத்தை மாற்றினார்.

ஆலங்குளம் பக்கத்துக் கிராமம். தாய் பீடி சுற்றுபவர். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. எங்கள் கல்லூரியில் ஆவணப்படி ஆங்கிலவழி. இரண்டாம் ஆண்டில் ஒருநாள், வெங்காய விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று கேட்டேன். எழுந்து நின்று சொன்னார்: ‘சார், போன வருஷம் பிரைஸ் ஹையா இருந்ததுனால எல்லாரும் இந்த வருஷம் வெங்காயம் போட்டுட்டாங்க. சப்ளை ஜாஸ்தி ஆகி பிரைஸ் டவுன் ஆயிருச்சு. அடுத்த வருஷம் யாரும் போட மாட்டாங்க, திரும்ப ஏறும்.’ பாடநூல் நான்கு பக்கத்தில் படம் வரைந்து விளக்கும் செய்தி அது. மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார். குறியீட்டின்படி நல்ல ‘கலப்பு’. மேலோட்டமாகக் கேட்பவர், ஆங்கிலம் சரளமாக வருகிறது என்றுகூட நினைப்பார்.

மூன்றாம் ஆண்டில் ஒரு வங்கிசாராத நிதி நிறுவனம் ஆள் எடுக்க வந்தது. நேர்காணலில், உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். அவரிடம் ‘சப்ளை’, ‘பிரைஸ்’, ‘டவுன்’ எல்லாம் இருந்தன. அவற்றை ஒன்றோடு ஒன்று கோக்கும் அந்தச் சிறு சொற்கள் இல்லை. அமைதியாக நின்றிருக்கிறார். தாளில் ‘தகவல் தொடர்புத் திறன் குறைவு’ என்று எழுதினார்கள். அன்று மாலை என் அறைக்கு வந்தபோது, போகட்டும், வெங்காய விலையைப் பற்றி அன்று சொன்னாயே, அதைத் தமிழில் ஒரு கட்டுரையாக எழுதிக் கொடு, நாளிதழுக்கு அனுப்பலாம் என்றேன். மறுநாள் பாதிப் பக்கத்தோடு வந்தார். ‘சார், சப்ளைக்குத் தமிழ்ல என்ன சார், மறந்துபோச்சு.’ பன்னிரண்டாம் வகுப்பில் ‘அளிப்பு’ என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர் அவர்.

அந்த மாணவியிடமிருந்து ‘அளிப்பை’ப் பறித்தவர்களில் நானும் ஒருவன். முப்பதாண்டுகளுக்கு மேல் நான் பாடம் நடத்திய மொழி எது என்று யாராவது கேட்டால் நேர்மையான பதில் என்னிடம் இல்லை. கரும்பலகையில் ஆங்கிலம், வாயில் ஆங்கிலப் பெயர்ச் சொல்லும் தமிழ் வினையும், தேர்வில் மனப்பாடம் செய்த ஆங்கிலம். மாவட்டக் கல்லூரிகள் பலவற்றில் ‘ஆங்கிலவழி’ என்பதன் நடைமுறை இதுதான். எந்தப் புள்ளிவிவரத்திலும் இது வராது. ஏனெனில், படிவத்தில் ‘கலப்புவழி’ என்ற கட்டம் இல்லை.

இதன் விலையைப் பொருளியலாளர்கள் மறைமுகமாக அளந்திருக்கிறார்கள். மெஹ்தாபுல் ஆசம், ஐமி சின், நிஷித் பிரகாஷ் ஆகியோர் 2005ஆம் ஆண்டின் இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வுத் தரவைக் கொண்டு, 2013இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். ஆங்கிலம் சரளமாகப் பேசும் ஆண்கள், அறவே பேசாதவர்களைவிட மணிக்கூலியில் 34 விழுக்காடு அதிகம் பெற்றனர். சிறிதளவு பேசுபவர்கள் பெற்றது 13 விழுக்காடு. கல்வி, வயது போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு வந்த வேறுபாடு இது. 13க்கும் 34க்கும் நடுவே உள்ள பள்ளத்தில்தான் என் மாணவி நின்றார். அந்த ஆய்விலும் ‘சரளம்’, ‘சிறிதளவு’ என்பவை வீட்டார் தாமே சொன்னவைதான் என்பதை மறக்கக் கூடாது.

இங்கே ஒரு தவறான முடிவுக்குப் போய்விட வேண்டாம். கலப்பதனால்தான் அவருக்கு ஆங்கிலம் வரவில்லை என்று நான் சொல்லவில்லை. நியூயார்க்கில் வாழும் போர்ட்டோ ரிக்கோ மக்களின் ஸ்பானிஷ்-ஆங்கிலப் பேச்சை ஷானா பாப்லாக் ஆராய்ந்து 1980இல் வெளியிட்ட முடிவு பலரை வியக்க வைத்தது. ஒரே வாக்கியத்துக்குள் அதிகமாகத் தாவியவர்கள் இரண்டு மொழியிலும் வல்லவர்களாக இருந்தார்கள். ஒரு மொழியில் தடுமாறுபவர்களோ வாக்கியத்தின் ஓரத்தில் ஒரு சொல்லை ஒட்டவைப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். எனவே, தாவுவது இயலாமையின் அடையாளம் என்ற நம் பொதுப்புத்தி பிழை. மேலே கண்ட மென்பொருள் பணியாளர் வேண்டும்போது முழு ஆங்கிலத்துக்குப் போவார், பாட்டியிடம் முழுத் தமிழுக்கும் திரும்புவார் என்றால் அவர் கலப்பதில் யாருக்கும் நட்டமில்லை. கலப்பிலிருந்து எந்தப் பக்கமும் வெளியேற வழியில்லாமல் நிற்பவர்தான் என் கவலை. இந்த இருவரையும் பிரித்துக் காட்டாத எந்த அளவுகோலும் கொள்கை வகுக்க உதவாது. தமிழ் அழிகிறது என்று அலறுபவர்களுக்கும், இளைஞர்களுக்கு ஆங்கிலம் வந்துவிட்டது என்று மகிழ்பவர்களுக்கும் அது சம அளவில் பயன்படும் என்பது வேறு.

யாரை அளக்கிறோம் என்பதும் முக்கியம். தமிழ், மலையாளம், கன்னடம் ஆகியவற்றின் ஆங்கிலக் கலப்பை ஆராய யூடியூப் தளத்தில் வந்த கருத்துகளைத் திரட்டிச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொகுப்பு உருவாக்கப்பட்டது. தமிழில் சுமார் 44,000, மலையாளத்தில் 20,000, கன்னடத்தில் 7,000 கருத்துகள். வசைச் சொல்லையும் உணர்ச்சியையும் கணினி கண்டறியப் பழக்குவதே அதன் நோக்கம். அதற்கு அது அருமையான தொகுப்பு. ஆனால், அதை வைத்துத் தமிழர் எப்படிக் கலக்கிறார்கள் என்று பேசத் தொடங்கினால் கூறெடுப்பின் முதல் பாடத்தையே மறந்தவர்கள் ஆவோம். திரைப்பட முன்னோட்டத்துக்குக் கருத்து எழுதுபவர் யார்? ஐந்தருவிச் சாலையில் ரம்புட்டான் விற்கும் பெண்மணி அதில் இல்லை. அவருடைய கலப்பில் ஆங்கிலம் குறைவு. கொல்லம் பதிவெண் கொண்ட வண்டியைப் பார்த்ததும் அவர் வாயில் ‘சேட்டா, வரூ, நல்ல மங்குஸ்தான்’ என்று மலையாளம் வரும். திருநெல்வேலி வண்டிக்கு ‘வாங்கண்ணே’. எண்பதடி தொலைவில் பதிவெண்ணைப் படித்து மொழியை மாற்றும் திறமைக்கு எந்தக் குறியீட்டில் இடம் இருக்கிறது?

கேட்டுத் தெரிந்துகொள்வதும் பயன்படாது. நார்வேயின் ஹெம்னஸ்பெர்கெட் என்ற சிற்றூரில் அதே கம்பர்ஸ், யான்-பெட்டர் பிளோமுடன் செய்த ஆய்வு 1972இல் வெளிவந்தது. ஊரிலிருந்து படிக்கச் சென்ற மாணவர்கள், நண்பர்களோடு இருக்கும்போது ஊர் வழக்கில் மட்டுமே பேசுவதாக நம்பியிருந்தார்கள். பதிவைப் போட்டுக் காட்டியதும், தாம் பொதுமொழிக்குத் தாவித் தாவிப் பேசியிருப்பதைக் கேட்டுத் திகைத்துப்போனார்கள். இதைப் படித்த பிறகு வீட்டாரின் சம்மதத்தோடு ஒருநாள் இரவு உணவு நேரத்தில் என் கைப்பேசியைப் பதிவில் வைத்துவிட்டுப் பேசினேன். நல்ல தமிழ் பேசுபவன் என்ற பெயர் எனக்கு நண்பர் வட்டத்தில் உண்டு. பதிவைக் கேட்டபோது முதல் நிமிடத்திலேயே ‘ஆக்சுவலா’ என்று ஆரம்பித்திருந்தேன். அதற்குப் பிறகு நண்பர் வட்டத்தில் கொஞ்சம் அடக்கமாக இருக்கிறேன்.

அப்படியானால் என்ன செய்யலாம்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதைத் திணிக்க முடியாது. நூற்று நாற்பது கோடிப் பேரிடம் கேட்கும் படிவத்தில் ஒரு கேள்வி கூடினாலும் செலவு மலைபோல் கூடும். ஆனால், நம்மிடம் காலப் பயன்பாட்டு ஆய்வு இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் அதை 2019இலும் 2024இலும் நடத்தியது. காலை 4 மணி முதல் மறுநாள் காலை 4 மணி வரை, அரை மணிக்கு அரை மணி என்ன செய்தீர்கள் என்று ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்யும் ஆய்வு அது. பெண்களின் ஊதியமில்லா உழைப்பு எவ்வளவு என்று நாடு பேசத் தொடங்கியதில் அதற்குப் பங்குண்டு. அடுத்த சுற்றில், பள்ளியிலோ கடையிலோ அலுவலகத்திலோ கழித்த நேரத்துக்கு எதிரே, யாரிடம் எந்த மொழியில் பேசினீர்கள் என்று ஒரு பத்தி சேர்க்கலாம். தன்மதிப்பீட்டின் குறை அதிலும் இருக்கும். ஆனால், ‘உங்களுக்கு என்ன மொழி தெரியும்?’ என்பதைவிட, ‘நேற்று மாலை ஐந்து மணிக்குக் கடையில் என்ன மொழி பேசினீர்கள்?’ என்பதற்கு மக்கள் சரியாகப் பதில் சொல்வார்கள்.

அதனினும் எளிய ஒன்றை மாநில அரசே செய்யலாம். ‘நான் முதல்வன்’ திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கியதிலிருந்து கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும் தருகிறது. எத்தனை பேர் பயின்றார்கள் என்ற கணக்கோடு, ஒரு சிறு கூறெடுத்த மாணவர்களிடம் ஒரே செய்தியை மூன்று முறை சொல்லச் சொல்லுங்கள். ஊரில் உள்ள அத்தைக்கு ஒருமுறை. ஒரு தமிழ் நாளிதழ் வாசகருக்கு ஒருமுறை. தமிழ் தெரியாத ஓர் அதிகாரிக்கு ஒருமுறை. வெங்காய விலையே போதும். மூன்றிலும் தடையில்லாமல் போய்வருபவர் எவ்வளவு கலந்தாலும் கவலைப்பட வேண்டாம். முதலாவதில் மட்டும் நிற்பவர்கள் எத்தனை பேர், எந்த மாவட்டத்தில், எந்தவழிக் கல்லூரியில் என்று தெரிந்தால் பயிற்சிப் பணத்தை எங்கே செலவிடுவது என்பது தெரியும். இரண்டாவதில் தடுமாறுபவர்கள் எத்தனை பேர் என்பது தமிழ் வளர்ச்சித் துறைக்குத் தெரிய வேண்டிய செய்தி. கல்விக்கான ஏசர் அமைப்பு, 2023இல் ஊரகப் பகுதிகளில் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களிடம் ஆங்கில வாக்கியங்களைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னது. 57.3 விழுக்காட்டினர் படித்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேரால்தான் பொருள் சொல்ல முடிந்தது. தெரியுமா என்று கேட்பதற்கும் செய்து காட்டச் சொல்வதற்கும் உள்ள இடைவெளி அப்படிப்பட்டது.

தமிழ்ப் பக்கத்தில் முயற்சி வீணாகும் என்று சலித்துக்கொள்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல். நூறாண்டுக்கு முன் மேடையில் ‘அக்கிராசனர்’ அமர்ந்திருந்தார். தேர்தலில் ‘அபேட்சகர்’ நின்றார். இன்று தலைவரும் வேட்பாளரும்தான் இருக்கிறார்கள். பாடநூலும் நாளிதழும் மேடையும் சேர்ந்து அந்தச் சொற்களை மாற்றின. ‘அளிப்பு’ என்ற சொல்லுக்கு அந்த மூன்றில் ஒன்றுதான் கிடைத்தது; கல்லூரிக்குள் நுழைந்ததும் அதுவும் நின்றுபோனது.

2011இல் கணக்கெடுப்பாளர் எங்கள் வீட்டுக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. பள்ளி ஆசிரியை, வெயிலில் வந்திருந்தார். எனக்குத் தாய்மொழி தமிழ், தெரிந்த மொழி ஆங்கிலம் என்று எழுதிக்கொண்டார். என் மனைவி செங்கோட்டையில் வளர்ந்தவர். ‘தமிழ் மட்டும்தான்’ என்றார் தயங்காமல். ஆரியங்காவிலிருந்து பலாவும் மரவள்ளியும் கொண்டுவரும் அம்மாளிடம் வாரம் இருமுறை அரை மணி நேரம் மலையாளத்தில் விலை பேசுபவர் அவர். ஒரு ரூபாய்கூட ஏமாந்ததில்லை. இம்முறை மலையாளத்தையும் எழுதச் சொல் என்று சென்ற வாரம் அவரிடம் சொன்னேன்.

‘அதெல்லாம் தெரிஞ்ச பாஷைன்னு எழுதலாமாங்க? காய் வாங்கத்தானே பேசுதேன்’ என்றார்.